ஒன்றும் நடக்காத நாட்கள்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்தவர்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் கம்பெனிக்கு லீவு லெட்டர்தான்; அதிலும் முக்கால்வாசி பொய். ஆனால் மாதனூர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் சலீம் விடவில்லை. "வாயாலயே ஊரை வித்துடற. அக்காவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுத வராதா உனக்கு?" என்றான். எழுதி முடித்தால் முதலில் அவனுக்குத்தான் போனில் அனுப்ப வேண்டும் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான்.

அக்கா என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருவில் கொஞ்சம் தள்ளி, அம்மாவோடு இருந்தவர். சின்னவர்கள் அவரை அக்கா என்போம். பெரியவர்கள், அவர் காதில் விழாதபோது, பூகம்பம் என்பார்கள். வேலூரில் ஒரு கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி வேலை. எங்காவது நிலநடுக்கம் வந்தால், அது வருவதற்குச் சில நாள் முன்னால் அந்த இடத்துக்கு மேலே காற்றில் ஏதாவது மாறியதா என்று சாட்டிலைட் எடுத்த படங்களில் தேடுவார். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. ஆடுவது கீழே, தேடுவது மேலே.

"இன்னாக்கா இது? வயித்து வலின்னு வந்தவனுக்கு தலையில பேன் பாக்கற மாதிரி இருக்குது."

அக்கா கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஏதோ நான் பரீட்சைக்குப் படிப்பவன் போலப் பொறுமையாகச் சொன்னார்.

"உள்ள பாறை நெருங்கி விரிசல் விடறப்ப கொஞ்சம் வாயு மேல கசியலாம். அது காத்துல கலந்தா அங்க இருக்கிற ஈரம், சூடு ரெண்டும் மாறலாம். ரொம்ப உசரத்துல மின்சாரம் ஏறுன காத்து இருக்குது. அதுவும் கலையலாம். சாட்டிலைட்டுக்கு அது தெரியலாம்."

"எல்லாமே 'லாம்'லதான் நிக்குது."

"ஆமா. அது 'லாம்'லயே நிக்குதா, தாண்டுதான்னு பாக்கறதுதான் என் வேலை."

காலையில் நாங்கள் இரண்டு பேரும் சலீம் கடை வாசலில் நிற்போம். ஆம்பூர்ப் பக்கம் இருக்கும் ஷூ கம்பெனிக்கு எங்களை ஏற்றிப் போகும் பஸ் முதலில் வரும். அது போன பிறகு அக்கா ரோட்டைக் கடந்துபோய் வேலூர் பஸ் பிடிப்பார். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மேடை.

"அக்கா, இன்னிக்கு ஆடுமா?"

"தெரியாது."

"ஆடுற மாதிரி இருந்தா சொல்லுங்க. ஓவர்டைம் போட்டு சாக வேணாம்னு பாக்கறேன்."

"தெரியாதுப்பா."

கம்பெனிப் பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். சூப்பர்வைசர் தொப்பையோடு நடப்பதை நடந்து காட்டுவேன். எச்.ஆர். மேடம் தமிழ் பேசுவதைப் பேசிக் காட்டுவேன். நடு ரோட்டில் நின்றிருக்கும் மாடுகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும். அக்கா முகம் மட்டும் பரீட்சை ஹால் மாதிரியே இருக்கும். பஸ் ஏறியும் நான் விடமாட்டேன். சர்வீஸ் ரோட்டில் பஸ் திரும்பும்வரை பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். ஒரு தடவைகூட அந்த உதடு அசைந்ததில்லை.

"ஒருநாள் சிரிக்க வைக்கிறேன் பாரு" என்று சலீமிடம் சவால் விட்டிருந்தேன்.

அவன் டீ ஆற்றிக்கொண்டே, "பாக்கலாம் தோஸ்த்" என்பான்.

சிரிக்காத அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது: மறதி. வானத்தில் எந்த மூலையில் எந்த வருஷம் எவ்வளவு சூடு இருந்தது என்று நினைவிருக்கும், கைப்பை நினைவிருக்காது. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்ப ஓடி வருவார். இன்றைக்கு மூக்குக்கண்ணாடி, நாளைக்கு டிபன் பாக்ஸ், அடுத்த நாள் போன். அவருடைய அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஷூவின் மேல்பாகங்களை வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பவர். மகள் திரும்பி வருவதைப் பார்த்ததும் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். வெளியே கிளம்பியவர்கள் பாதியில் திரும்பி வந்தால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மாவுக்கு அது சட்டம்.

"உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடி."

"பஸ்ஸு போயிடும்மா."

"பஸ்ஸு போனா வேற பஸ்ஸு வரும்."

இதற்குள் அக்கா பாதித் தெரு போயிருப்பார். பெரியம்மா சொம்போடு கேட்டில் நிற்பார். தெருவில் எல்லோருக்கும் அது காலை மணி அடிப்பது மாதிரி. ஒருநாள் பெரியம்மாவுக்கு ரோஷம் வந்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார். அக்கா வெட்கத்தில் சலீம் கடைக்குள் நுழைந்துகொண்டார். நான் குறுக்கே போய், "குடுங்க பெரிம்மா, அக்காவுக்கு வர்ற கண்டத்த நான் குடிச்சிடறேன்" என்று சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தேன். பெரியம்மாவே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் எப்போதாவது லேசாக ஆடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை, அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி முணுமுணுத்தன, அவ்வளவுதான். ஆனால் கையில் சோற்றோடு தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. சற்று நேரம் பயம். அப்புறம் ஆளுக்கொரு கதை. மூலை வீட்டு லாரி டிரைவர் முதலில் ஆரம்பித்தார்.

"காலையிலயே எங்க நாய் ஒரு மாதிரி ஊளை விட்டுச்சு. அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அண்ணா, நேத்து ஊளை விட்டுச்சா?"

"விட்டுச்சு."

"முந்தாநேத்து?"

"அது தெனம் விடும்மா, சனியன்."

"தெனம் விட்டுச்சு, ஆனா தெனம் பூமி ஆடலையே. அந்த நாளையெல்லாம் இன்னா பண்றது?"

டிரைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல கதை ஒன்று கையைவிட்டுப் போனால் யாருக்குத்தான் வலிக்காது. எதிர்வீட்டுப் பாட்டிக்குக் காலையிலிருந்தே தலை சுற்றியதாம். அக்கா அவரையும் விடவில்லை: தலை சுற்றியும் ஒன்றும் ஆகாத நாள் எத்தனை? இன்னொருவர் வானம் சிவப்பாக இருந்தது என்றார். சிவப்பாக இருந்தும் ஒன்றும் ஆகாத நாள்? கடைசியில் ஒருவர் கடுப்பாகி, "அதான் மேல சாட்டிலைட்டு சுத்துதே, அதுக்கு இது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இவ்ளோ சின்னது தெரியாதுங்க. மேகமா வேற இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு அது சுத்துது, வெட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தலையாட்டிக்கொண்டார், அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான் என்பது போல.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "ஏங்க்கா எல்லார் கதையிலயும் மண்ணப் போடறீங்க?"

"நீ கம்பெனியில இன்னா வேலை பாக்கற?"

"தோலுல தழும்பு இருக்குதான்னு செக்கிங் பண்றேன்."

"ஒரு ஷூ கிழிஞ்சு திரும்பி வருது. அதுல ஒரு தழும்பு இருக்குது. அந்தத் தழும்பாலதான் கிழிஞ்சுதுன்னு உடனே சொல்லிடுவியா?"

"சூப்பர்வைசர் சொல்லுவாரு."

"அதே மாதிரி தழும்போட போன ஷூ எவ்ளோ இருக்கும்? அதெல்லாம் கிழியாம எவனோ ஒருத்தன் கால்ல நடந்துட்டு இருக்குமில்ல? அதையும் பாத்துட்டுத்தான பேசணும்? கிழிஞ்சது மட்டுந்தான் நம்மகிட்ட திரும்பி வருது. கிழியாதது வந்து சொல்லாது."

அக்காவை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஊரெல்லாம் ஏதாவது நடந்த நாளைப் பற்றிப் பேசும். அவர் ஒன்றும் நடக்காத நாளைப் பற்றிக் கேட்பார்.

இதனால் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் வந்ததும் சலீமிடம் எனக்கும் சேர்த்து பன் சொன்னார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"இன்னாக்கா விசேஷம்? மாப்பிள்ளை அமைஞ்சிட்டாரா?"

"ஒரு பெரிய பூகம்பம். வர்றதுக்கு முன்னாடி அந்த மலைக்கு மேல செவப்பா ஒரு திட்டு. சூடு ஏறியிருக்குது. எங்க சாருக்கு ரொம்ப சந்தோசம். எழுதி அனுப்பிடலாம்னாரு."

"அப்ப பெரிய ஆளாயிட்டீங்க."

"மத்த வருஷத்துப் படத்தயும் எடுத்துப் பாத்தேன். அதே எடம், அதே மாசம். பூகம்பமே வராத வருஷத்துலயும் அதே செவப்பு இருக்குது. வெறும் வெயிலு."

"அதுக்கு எதுக்கு பன்னு?"

"ஒரு பொய்ய சொல்லாம தப்பிச்சேன்ல, அதுக்கு."

பன்னை அவர் பாதிகூடச் சாப்பிடவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கேட்காமலே பேசினார். "டிவியில காட்டறாங்கல்ல, கட்டடம் விழுந்து, அடியில ஜனங்க. அவங்கள்ல பாதிப் பேரு வாசலுக்கு வந்து நின்னிருந்தாலே போதும்ப்பா. வேற ஒன்னும் வேணாம், வாசல் வரைக்கும் வரணும். அதுக்கு முன்னாடியே யாராச்சும் கூப்பிடணும். ரெண்டு தடவ சும்மா கூப்பிட்டுட்டா மூணாவது தடவ யாரும் வரமாட்டாங்க. எனக்கு இது நெஜமா இருக்கணும்னு ரொம்ப ஆசை. அதனாலதான் நான் பாத்தத நானே நம்பறதில்ல."

அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை. என் பன்னைத் தின்றுவிட்டு, அவருடைய மிச்சத்தையும் தின்றேன். என்னால் முடிந்த ஆறுதல் அதுதான்.

கடைசியாக அக்காவை நான் பார்த்தது போன மழைக்காலத்தில் ஒரு காலை. வானம் மூடிக்கிடந்தது. அக்கா வழக்கம்போலத் திரும்ப வீட்டுக்கு ஓடி, குடையை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அந்த வாரம் எனக்குப் பெண் பார்ப்பதாக இருந்தது.

"அக்கா, ஒரு உதவி. நாளைக்கு ஆலங்காயத்துல பொண்ணு பாக்கப் போறோம். உங்க சாட்டிலைட்ட கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. பொண்ணோட அப்பா எவ்ளோ சூடா இருக்காருன்னு மேல இருந்தே பாத்து சொல்லிட்டீங்கன்னா, நான் வாசலோட நின்னுக்குவேன்."

அக்கா சிரித்தார்.

டீ சிந்தி, துப்பட்டாவில் கொட்டி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மேகமா இருந்தா தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது. பஸ் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்டேன் என்று சலீமுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தேன். வேலையில் மறந்துபோனேன்.

அன்று சாயங்காலம் வேலூரில், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில், மழையில் பிரேக் பிடிக்காத ஒரு லாரி அவர் மேல் ஏறிவிட்டது. பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடை பைக்குள் மடித்தபடியே, நனையாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு அறிகுறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குக் காக்கா விடாமல் கத்தியதாம். தோசையில் பாதியை வைத்துவிட்டாராம். தெருமுனையில் நின்று வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாராம். பெரியம்மா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கென்று ஒன்று இருந்தது, அதை அவர் யாரிடமிருந்தும் வாங்கவில்லை.

"கொடைய எடுக்கத் திரும்பி வந்தா. உக்கார வச்சு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டேன். கையில ஊசி இருந்துச்சு, எழுந்திரிக்கல. நாந்தான் அனுப்பிட்டேன்."

யார் வந்தாலும் இதுதான். அதோடு அவர் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். தினமும் காலையில் சொம்பை நிரப்பி வாசற்படியில் வைப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தொண்டை காய்ந்து பேச்சு சரியாக வராதபோதும், "அவ குடிக்காத தண்ணி எனக்கு எதுக்கு?" என்பார். தெருப் பெண்கள் வற்புறுத்தி ஊட்டிய இரண்டு வாய்க் கஞ்சியில்தான் உயிர் ஓடியது. ஒரு தடவை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தோம். இப்படியே போனால் சிறுநீரகம் போய்விடும், ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். விதி என்றார்கள். எழுதி வைத்தது என்றார்கள். பெரியம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சொம்பையே பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கேலி பண்ணத்தான் வரும், அங்கே அதற்கு இடமில்லை. படியில் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் இல்லாமல், அக்கா கேட்பது போலக் கேட்டேன்.

"பெரிம்மா, அதுக்கு மொத நாளு அக்கா திரும்பி வந்துச்சா?"

"வந்தா. கண்ணாடிய மறந்துட்டு."

"தண்ணி குடிச்சுச்சா?"

"எங்க குடிச்சா? பஸ்ஸு போயிடும்னா."

"சாயங்காலம்?"

"சாயங்காலத்துக்கு இன்னா?"

"வீட்டுக்கு வந்துச்சா?"

பெரியம்மா முதல் தடவையாகச் சொம்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வந்தா."

"அதுக்கும் மொத நாளு?"

"டிபன் பாக்ஸு." தெருமுனையைப் பார்த்தார். "வந்தா."

"நீங்க சொம்பத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தீங்களே, அன்னிக்கு? தண்ணிய நான்தான குடிச்சேன்?"

"வந்தா. வந்து என்னையத் திட்டுனா."

"தீபாவளிக்கு முன்னாடி பெரிய மழை வந்துச்சே, அன்னிக்கு?"

"அன்னிக்கு ரெண்டு தடவ திரும்பி வந்தா. செருப்ப மாத்த ஒரு தடவ, கொடைக்கு ஒரு தடவ. நான் கத்துனேன், கேக்கல." பெரியம்மாவின் வாய் கோணியது. "சாயங்காலம் தொப்பலா நனைஞ்சிட்டு வந்தா. கொடை பைக்குள்ளயே இருக்குது. மறந்துட்டாளாம்."

அப்புறம் நான் கேட்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாவியை மறந்தாள், வந்தாள். அப்பா இறந்த வருஷம் பரீட்சைக்குப் போகும்போது ஹால் டிக்கெட்டையே மறந்தாள், வந்தாள். ஸ்கூல் போகும்போது, சின்னப் பிள்ளையாக, பேனாவுக்காக அழுதுகொண்டே திரும்பினாள்; அன்றைக்கும் குடிக்கவில்லை; வந்தாள். ஒவ்வொரு 'வந்தா'வுக்கும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

"எல்லா நாளும் வந்தாடா. ஒருநாள்கூட குடிக்கல, எல்லா நாளும் வந்தா." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை நாளும் அழாத அழுகை. முடிந்ததும் கேட்டார்: "அன்னிக்கு மட்டும் ஏன்டா வரல?"

"தெரியாது பெரிம்மா."

அக்கா எனக்குத் தினமும் சொன்ன பதில் அது. அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியம்மா சொம்பை எடுத்தார். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. மீதியைக் குடித்தார். இப்போது தைக்க உட்காருகிறார், சாப்பிடுகிறார். தெருவில் யாராவது பாதியில் திரும்பி ஓடி வந்தால் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார். தண்ணீர் குடிக்கச் சொல்வதில்லை.

இதோடு முடித்திருக்கலாம். எழுத வேண்டாம் என்று நான் நினைத்ததற்குக் காரணம் இதற்கப்புறம்தான் இருக்கிறது. பெரியம்மாவிடம் சொல்லவில்லை, சலீமிடமும் சொல்லவில்லை. எல்லோருடைய அறிகுறியையும் அக்காவின் கேள்வியை வைத்துக் கலைத்தேன். காக்கா தினமும் கத்தியது. தோசையில் பாதியை அவர் தினமும் வைத்தார். என்னுடையது ஒன்று மட்டும் கலையவில்லை. அவர் சிரித்தது. இத்தனை வருஷத்தில் என் கேலிக்கு ஒருநாளும் சிரிக்காதவர், அன்றைக்கு மட்டும் சிரித்தார். சிரித்தும் ஒன்றும் நடக்காத நாள் என்று ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதிலிருந்து பஸ்ஸில் நான் யாரையும் சிரிக்க வைப்பதில்லை. சிரிக்க வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கம்பெனிப் பெண்கள் எனக்குக் காதல் தோல்வி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி, சத்தியம் செய்தபடி சலீமுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. அப்புறம் ஒரு வரி வந்தது.

"டேய், அக்கா தெனம் சிரிக்கும்டா, உன் பஸ்ஸு திரும்புனப்புறம்."